அமெரிக்காவில் சுற்றுச்சூழல் அறிவியல் படிப்போர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் அறிவியலும் அதையொட்டிய கடலியல், வானிலையியல் போன்ற துறைகளும் பயிலும் இளங்கலை மாணவர்களுக்கான முக்கிய உதவித்தொகைகள் சிலவற்றுக்கு இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முதலாம் ஆண்டு முடியும்போதே தேடத் தொடங்குங்கள். குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. தகுதியுள்ள பலர் காலம் தாழ்த்திவிடுவதற்கு அதுவே காரணம்.

முதலில் குடியுரிமை விதியைப் பாருங்கள். தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா வழங்கும் ஹாலிங்ஸ் உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கு உரியது. உடால் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் இவ்விரண்டையும் விட்டுவிட்டுத் தங்கள் கல்லூரியும் துறையும் தரும் உதவிகளைத் தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஹாலிங்ஸ் திட்டம் ஆண்டுக்கு 9,500 டாலர் வரை இரண்டு ஆண்டுகளுக்கு உதவுவதுடன், கோடையில் பத்து வார ஊதியப் பயிற்சியையும் தருகிறது. என் கணிப்பில் பணத்தைவிட அந்தப் பயிற்சியே பெரிது. ஆய்வாளர்களுடன் நேரடியாகப் பணியாற்றும் வாய்ப்பு அந்த வயதில் எளிதில் கிடைப்பதில்லை. நோவாவிடமே, கறுப்பின, ஹிஸ்பானிய, பழங்குடி, ஆசிய மாணவர்களுக்குப் பெருமளவில் கல்வி தரும் நிறுவனங்களில் பயில்வோருக்கென செரானோ பெயரிலான தனித் திட்டம் ஒன்றும் உண்டு. உங்கள் கல்லூரி அந்த வகையில் சேருமா என்பதை உதவித்தொகை அலுவலகத்தில் கேளுங்கள்; அவ்வாண்டு விண்ணப்பம் பெறப்படுகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

உடால் உதவித்தொகை 7,000 டாலர் வரை கிடைக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கானது. இதற்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது. கல்லூரியில் இதற்கெனப் பொறுப்பேற்றுள்ள பேராசிரியர் அல்லது அலுவலர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். எனவே கல்லூரிக்குள் வைக்கப்படும் கடைசி நாள் அறக்கட்டளையின் கடைசி நாளுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே வந்துவிடும். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மோரிஸ் உடால் அல்லது அவருடைய அண்ணன் ஸ்டூவர்ட் உடாலின் உரை, சட்டம் அல்லது கொள்கை அறிக்கை ஒன்றை எடுத்து, அதற்கும் உங்கள் பணிக்கும் உள்ள தொடர்பை 800 சொற்களில் எழுதவும் வேண்டும். 1961 முதல் 1969 வரை, பொது நிலங்களையும் இயற்கை வளங்களையும் கவனிக்கும் அமெரிக்க உள்துறையின் அமைச்சராக இருந்த ஸ்டூவர்ட் உடாலின் உரைகளில் ஒன்றையாவது முழுமையாகப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள்.

கட்டுரையில் “சிறுவயது முதலே இயற்கையை நேசிக்கிறேன்” என்று தொடங்காதீர்கள். “எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் நெடுஞ்சாலை ஓடுகிறது, லாரிகள் மிகுந்த நாட்களில் தங்கை இன்ஹேலரை இருமுறை எடுப்பாள், அந்த நாட்களின் காற்றுத் தர அளவை ஒரு பருவம் முழுதும் குறித்து வைத்தேன்” என்பது போல நீங்கள் கண்டதையும் செய்ததையும் எழுதுங்கள். வறுமையையோ பாகுபாட்டையோ மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரக்கத்தைக் கேட்கும் தொனியில் எழுதாமல், அந்த அனுபவம் எந்தக் கேள்வியை உங்களுக்குள் எழுப்பியது, அதற்காக என்ன செய்தீர்கள் என்பதோடு இணைத்துச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பே கேட்டு, கட்டுரையின் வரைவையும் கொடுங்கள். தொகை கிடைத்ததும், வெளியிலிருந்து வரும் உதவிக்கு ஈடாகக் கல்லூரி தன் நிதியுதவியைக் குறைக்குமா என்று நிதியுதவி அலுவலகத்தில் விசாரியுங்கள். குறைப்பதாயின், மானியத்தைத் தொடாமல் கடன் பகுதியைக் குறைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.