முதல் பாடவேளையிலேயே பாடம் தொடங்கட்டும்: மலையகத்தில் புதிதாகக் கற்பிக்க வருவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

புதிதாக நியமனம் பெற்று இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப்புறப் பாடசாலைக்கு வருகிற ஆசிரியர்கள் முதல் நாளில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கிறார்கள். தம்மை அறிமுகப்படுத்துவார்கள், பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிப் பெயர் கேட்பார்கள், கொப்பிக்கு உறை போடும் விதத்தைச் சொல்வார்கள், அதற்குள் மணி அடித்துவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தோட்டத்தின் மேற்பிரிவான மேல் டிவிசனிலிருந்து பனிமூட்டத்துக்குள் ஒரு மணி நேரம் இறங்கி வந்த பிள்ளை, அந்த நாற்பது நிமிடத்தில் ஒன்றையும் கற்காமல் திரும்பி ஏறிப் போகிறது என்பது எனக்கு வெகு காலம் உறைக்கவில்லை. முதல் நாளிலேயே பாடம் நடக்க வேண்டும், மற்றவையெல்லாம் அதற்கு இடைஞ்சல் இல்லாமல் நடக்க வேண்டும் என்பதே இப்போது என் முறை. தரம் 7 கணித வகுப்பொன்றை வைத்து அதை விளக்குகிறேன்.

படி 1: முந்தைய நாள்

வகுப்பறையை ஒருமுறை நேரில் பாருங்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலையில் உறைபனி விழுவதுண்டு. முதல் பாடவேளையில் பிள்ளைகளின் விரல்கள் விறைத்திருக்கும். ஆகவே எடுத்த எடுப்பில் நீண்ட குறிப்புகளை எழுதவைக்க எண்ணாதீர்கள். கூரை தகரமாக இருந்தால், மழை பிடித்ததும் உங்கள் குரல் இரண்டாம் வாங்குக்கு மேல் போகாது. அப்போது கத்திப் பயனில்லை. கரும்பலகையைப் பார்த்துத் தாமே செய்யக்கூடிய ஒரு வேலை உங்கள் கையில் இருக்க வேண்டும். ஈரத்தில் நமத்துப்போகாத வெண்கட்டி நான்கைந்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்றே வரவு இடாப்பை வாங்கிப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கடந்த ஆண்டின் வகுப்பாசிரியர் இருந்தால், எந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேளுங்கள். யார் குழப்படி என்பதை அவர் தானாகவே சொல்ல வருவார். அதைக் கேட்காமல் நழுவிவிடுவது நல்லது.

படி 2: பெயர்கள்

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். என் முதல் ஆண்டில், இடாப்பைப் பார்த்துக் கூப்பிட்டபோது ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. மூன்று நாட்கள் தொடர்ந்து அந்தப் பிள்ளைக்கு வரவில்லை என்றே குறித்தேன். நான்காம் நாள்தான், கடைசி வாங்கில் தினமும் உட்கார்ந்திருந்த பிள்ளையே அவள் என்பது தெரிந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர் எழுத்துப் பிழையோடு பதிவாகியிருந்தது. வீட்டிலும், தோட்டக் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயத்திலும் அவளுக்கு வேறு பெயர். நான் வாசித்தது தன்னைத்தான் என்று அவளுக்கே உறுதியில்லை, கேட்கவும் கூச்சம்.

அதனால் இப்போது சிறு அட்டைத் துண்டுகளைக் கொடுத்து, “உங்களை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அதை எழுதி முன்னால் வையுங்கள்” என்கிறேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இடாப்புப் பெயரோடு ஒப்பிடும் வேலையை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். மகன், மகள் என்று அழைப்பது நம் பாடசாலைகளின் அன்பான வழக்கம்தான், ஆனால் அது பெயருக்கு ஈடாகாது.

அப்பா என்ன வேலை, அம்மா எங்கே என்று வகுப்பின் நடுவில் கேட்காதீர்கள். அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில், தான் அம்மாயி வீட்டில் என்று முப்பது பேருக்கு முன்னால் சொல்ல நேர்கிற பிள்ளை, அதன் பிறகு அன்று முழுவதும் வாய் திறக்காது.

படி 3: பாடம்

பிள்ளைகள் உள்ளே வரும் முன்பே கணக்கு கரும்பலகையில் இருக்கட்டும். நான் எழுதுவது இது: “ஒருவர் பறித்த கொழுந்து காலையில் 8 கிலோ 400 கிராம், பகலில் 6 கிலோ 50 கிராம், மாலையில் 5 கிலோ 300 கிராம். ஒவ்வொரு முறை நிறுக்கும்போதும் சாக்குக்கென்று 1 கிலோ கழிக்கப்படுகிறது. அன்றைய நிறை எவ்வளவு?”

முதலில் தனியாகச் செய்யட்டும், பிறகு பக்கத்திலிருப்பவரோடு ஒப்பிடட்டும், அதன் பிறகே வகுப்புக்குச் சொல்லட்டும். இந்த ஒழுங்கை 1981இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் முன்வைத்தார். நம் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் “எனக்கு இது வந்தது” என்பதைவிட “எங்களுக்கு இது வந்தது” என்று சொல்வது அவர்களுக்கு எளிது. கேள்வி கேட்டபின் குறைந்தது மூன்று விநாடி பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்றும், மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதினார். அந்த மூன்று விநாடி, நிற்பவருக்கு மூன்று நிமிடம் போலிருக்கும்.

விடைகள் வரத் தொடங்கியதும் சரி, பிழை என்று சொல்லாமல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதுங்கள். சரியான விடை 16.750 கிலோ. 18.750 என்றவர் சாக்கை ஒருமுறைதான் கழித்திருக்கிறார். அவருக்குக் கணக்கு தெரியும், கேள்வியைத்தான் அவசரமாக வாசித்திருக்கிறார். 17.200 என்றவர் 6 கிலோ 50 கிராமை 6.5 என்று எழுதியிருக்கிறார். தசமதானம் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு பிள்ளைகளும் பிழைதான் விட்டார்கள், ஆனால் அடுத்த கிழமை அவர்களுக்கு நீங்கள் கற்பிக்க வேண்டியவை வெவ்வேறு. ஒரு மணி நேர அறிமுகப் பேச்சு இதைக் காட்டித்தராது.

“எங்கள் தோட்டத்தில் இதைவிடக் கூடக் கழிப்பார்கள் டீச்சர்” என்று யாராவது எழும்புவார்கள். வீட்டில் இரவுதோறும் கேட்கிற பேச்சு அது. ஓரிரு நிமிடம் பேசவிட்டு, “அப்படியானால் ஒன்றரைக் கிலோ கழித்தால் எவ்வளவு வரும்?” என்று கணக்குக்கே திருப்பிவிடுங்கள்.

படி 4: விதிகள்

பாடத்துக்குப் பிறகு, மூன்றுக்கு மேல் வேண்டாம். மழையாலோ பஸ் வராததாலோ பிந்தி வருகிறவர் வாசலில் காத்து நிற்காமல் சத்தமின்றி உள்ளே வந்து அமரலாம் என்பது அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.

படி 5: கடைசி ஐந்து நிமிடம்

அரைத்தாள் ஒன்றில், இன்று விளங்கியது ஒன்றையும் விளங்காதது ஒன்றையும் எழுதி வாங்குங்கள். பெயர் எழுதச் சொல்ல வேண்டாம். “எல்லாம் விளங்கியது” என்று பாதிப் பேர் எழுதுவார்கள், அது உங்களுக்கான மரியாதை. மற்றப் பாதியை அன்றிரவு வாசித்துவிட்டு, மறுநாள் பிள்ளைகள் வருமுன் கரும்பலகையில் 6.5, 6.05 என்ற இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.