ஜெனரேட்டர் எஞ்சினில் இன்ஜெக்டர் மாற்றுவது எப்படி: நாக்ஸ் விதியோடு சேர்த்து ஒரு செய்முறை விளக்கம்

கப்பலில் புதிதாகச் சேரும் ஜூனியர் எஞ்சினியரின் கைக்கு முதலில் வரும் வேலைகளில் ஒன்று, ஜெனரேட்டர் எஞ்சினின் இன்ஜெக்டர்களை, அதாவது சிலிண்டருக்குள் எரிபொருளைப் பாய்ச்சும் கருவிகளை, மாற்றுவது. கழற்றுவதையும் மாட்டுவதையும் கூட நின்று பார்த்தாலே பிடிபட்டுவிடும். பலரும் விட்டுவிடுவது பதிவேட்டு வேலையை. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், மாட்டிய நாசில் (இன்ஜெக்டரின் துளையுள்ள முனைப் பாகம்) ஆவணத்தில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால் அந்த எஞ்சின் விதியை மீறியதாகத்தான் கணக்கு. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் விதி. கப்பல்களின் காற்று மாசைக் கட்டுப்படுத்துவது மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கையின் 6-ஆம் இணைப்பு. 2005 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இதில் கந்தக வரம்பு எரிபொருளைச் சார்ந்தது: 2020 முதல் உலகம் முழுக்க 0.50 சதவீதம், கந்தகக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 0.10 சதவீதம். நாம் ஸ்பேனர் எடுக்கும் வேலையோடு நேரடியாகத் தொடர்புள்ளது நைட்ரஜன் ஆக்சைடு, அதாவது நாக்ஸ். சிலிண்டருக்குள் வெப்பம் சுமார் 1,500 டிகிரியைத் தாண்டும்போது காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமாகச் சேர்ந்து இது உருவாகிறது. எரிபொருள் எப்போது, எவ்வளவு நுண்ணிய துளிகளாக, எந்தக் கோணத்தில் பாய்கிறது என்பதைப் பொறுத்து அந்த வெப்பம் மாறும். நாசிலின் துளை அளவும் எண்ணிக்கையும் விதிக்குள் வருவது இதனால்தான்.

130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின்களுக்கு இது பொருந்தும். அவசரத் தேவைக்கு மட்டும் பயன்படும் எஞ்சின்களுக்கு விலக்கு உண்டு. நாக்ஸ் வரம்புகள் டியர் எனும் படிநிலைகளாக உள்ளன: 2000-இலிருந்து கட்டப்பட்ட கப்பல்களுக்கு டியர் 1, 2011-இலிருந்து டியர் 2. வரம்பு எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 720 சுற்று ஓடும் ஜெனரேட்டர் என்றால் டியர் 2-இல் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 9.7 கிராம். டியர் 3 இன்னும் கடுமையானது. வட அமெரிக்கா, பால்டிக், வட கடல் போன்ற நாக்ஸ் கட்டுப்பாட்டுப் பகுதிகளில், அந்தந்தப் பகுதிக்குரிய தேதிக்குப் பின் கட்டப்பட்ட கப்பல்களுக்கு அது பொருந்தும்.

சரி, வேலைக்கு வருவோம். இங்கே சொல்வது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி எரிபொருள் பம்ப் உள்ள வழக்கமான எஞ்சினுக்கு. காமன் ரெயில் எஞ்சின் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போவது) என்றால் அதன் கையேடு சொல்லும் முறை வேறு. இதை வைத்துத் தொடாதீர்கள்.

படி 1: கழற்றுவதற்கு முன் அளவெடுங்கள்

எஞ்சின் லோடில் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பநிலையையும் உச்ச அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட இது இல்லையென்றால் வேலை சரியாக நடந்ததா என்று தெரியாது. கூடவே டெக்னிக்கல் ஃபைலை (நாக்ஸைப் பாதிக்கும் பாகங்களும் செட்டிங்குகளும் பட்டியலிடப்பட்ட, எஞ்சினுக்குரிய ஆவணம்) திறந்து, நாசிலுக்கு என்ன அடையாள எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எஞ்சினைப் பாதுகாப்பாக நிறுத்துங்கள்

ஜெனரேட்டர் ஸ்டாண்ட்பையில் இருந்தால் யாரும் தொடாமல் தானே கிளம்பிவிடும். ஆகவே பவர் மேனேஜ்மென்ட்டிலிருந்து (ஜெனரேட்டர்களைத் தானாக இயக்கும் அமைப்பு) விலக்கி, லோக்கல் கன்ட்ரோலுக்கு மாற்றி, ஸ்டார்ட்டிங் ஏர் வால்வை மூடி, லைனில் மிச்சமுள்ள காற்றை வெளியேற்றுங்கள். எரிபொருள் வால்வுகளை மூடிப் பூட்டி டேக் மாட்டுங்கள். இண்டிகேட்டர் காக்குகளை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் உள்ள சிறு திறப்பு வால்வுகளை, திறந்து வையுங்கள். வேலைக்கான அனுமதிச் சீட்டில் (பெர்மிட்) கையெழுத்து வாங்காமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்த வேண்டாம்.

படி 3: இன்ஜெக்டரை எடுங்கள்

சுற்றியுள்ள அழுக்கை முதலில் துடையுங்கள். ஹை பிரஷர் பைப்பைக் கழற்றியதும் திறந்த முனைகளை மூடியால் அடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும், புது நாசில் வீணாக. பிறகு பிடிப்பு நட்டுகளைத் தளர்த்தி, எக்ஸ்ட்ராக்டர் வைத்து நேராக இழுங்கள்; நெம்பக் கூடாது.

வெளியே வந்ததும் அடியிலுள்ள காப்பர் வாஷர் கூடவே வந்ததா என்று பாருங்கள். வராமல் உள்ளேயே தங்கியிருந்தால், அதன் மேல் இன்னொன்று உட்கார்ந்து நாசில் முனையின் உயரமே மாறிவிடும். டார்ச் அடித்து உறுதி செய்யுங்கள்.

படி 4: நாசில் முனையைப் பாருங்கள், பிறகு சோதியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். துளைகளைச் சுற்றிப் பூப்போலக் கார்பன் படிந்திருந்தால், பாய்ச்சல் முடிந்த பிறகும் எரிபொருள் சொட்டியிருக்கிறது என்று பொருள். வாஷர் உட்காரும் இடம் கறுத்திருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. முனை நீலம் பாரித்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது.

அப்புறம் டெஸ்ட் பம்பில் மாட்டுங்கள். மெதுவாக அடித்து, எத்தனை பார் அழுத்தத்தில் திறக்கிறது என்று குறியுங்கள். வேகமாக அடித்து, எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே சீராகப் பனிப்புகை போல வருகிறதா என்று பாருங்கள். திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம் வரை முனையில் சொட்டு எதுவும் சேராமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அழுத்தம் குறைந்திருந்தால் துளிகள் பெரிதாகும், எரிவது தாமதமாகும், புகை கூடும்.

பாய்ச்சலுக்கு எதிரே கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

படி 5: பிரித்து, மாற்றி, சேர்த்தல்

முதலில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே நாசில் நட்டைக் கழற்றுங்கள். இல்லையென்றால் பாகங்களை நேராகப் பொருத்தி வைக்கும் சிறு பின்கள் உடையும். நாசிலுக்குள் எரிபொருள் வழியைத் திறந்து மூடும் நீடிலும் அதன் உடலும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஒன்றின் நீடிலை மற்றொன்றில் போடக் கூடாது.

புது நாசிலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், அதில் பொறித்துள்ள அடையாளத்தைப் பையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பார்க்க ஒரே மாதிரி, மரையும் ஒரே மாதிரி, ஆனால் எண் வேறு என்றால் மாட்டாதீர்கள். சீஃப் எஞ்சினியரிடம் காட்டுங்கள். எண் பொருந்தினால் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு அந்த எண்ணைப் பார்க்க மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

சேர்த்த பின் திறக்கும் அழுத்தத்தைக் கையேட்டின்படி வைத்து, மீண்டும் சோதியுங்கள்.

படி 6: மாட்டி ஓட்டுங்கள்

உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புதிய காப்பர் வாஷர் போட்டு இறக்குங்கள். நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இன்ஜெக்டர் சாய்ந்து உட்காரும். நீடில் சிக்கவும் கூடும்.

எரிபொருள் லைனில் காற்றை வெளியேற்றி, இண்டிகேட்டர் காக்குகள் திறந்திருக்கவே எஞ்சினைச் சுழற்றி, எதிலாவது எண்ணெயோ தண்ணீரோ வருகிறதா என்று பாருங்கள். பிறகு காக்குகளை மூடி, ஸ்டார்ட் செய்து, லோடு இல்லாமல் ஓட்டிக் கசிவு தேடுங்கள். லோடைப் படிப்படியாக ஏற்றி, முதலில் எடுத்த அதே லோடில் எல்லா அளவுகளையும் மறுபடி எடுங்கள்.

படி 7: எழுதுங்கள்

ஒவ்வொரு எஞ்சினுக்கும் எஞ்சின் பேராமீட்டர் பதிவேடு ஒன்று இருக்கும். நாக்ஸைப் பாதிக்கக்கூடிய உதிரிபாகம், செட்டிங் எது மாறினாலும் அதில் ஏற வேண்டும். அதே எண்ணுள்ள நாசிலைப் போட்டாலும்தான். தேதி, ஓட்ட நேரம், சிலிண்டர் எண், கழற்றிய பாகத்தின் எண், மாட்டிய பாகத்தின் எண், திறக்கும் அழுத்தம், கையெழுத்து. வேலை முடிந்த அன்றே எழுதுங்கள். ஆய்வுக்கு வரும் சர்வேயர் பெரும்பாலும் புகையை அளப்பதில்லை. டெக்னிக்கல் ஃபைலையும் இந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் ஸ்டோரில் உள்ள உதிரி நாசில்களையும் எடுத்துக் காட்டச் சொல்வார்.

அதனால் கடைசியாக ஸ்டோருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஃபைலில் இல்லாத எண்ணுடைய நாசில்கள் அலமாரியில் கிடந்தால் தனியே பிரித்து, டேக் எழுதிக் கட்டி வையுங்கள். இரவு வாட்சில் அவசரமாக ஒருவர் உதிரி தேடும்போது அது கையில் அகப்படக் கூடாது.