தக்காளி இலை கருகியது நோயால் அல்ல, உப்பால்

இராயக்கோட்டை அருகே எங்கள் தக்காளியின் அடியிலைகள் விளிம்பில் கருகியபோது, இலைக்கருகல் நோய் என்று மருந்துக்கடையில் கொடுத்த மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி பல நாள்களாகியும் பலன் தரவில்லை. யூரியா இட்டதும் கருகல் கூடியது. ஆல்டர்னேரியா பூஞ்சையின் புள்ளியில் வளையத்துக்குள் வளையம் தெரியும். இங்கோ கருகல் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவ, தளிர்கள் பசுமையாகவே இருந்தன, ஏனெனில் செடி சோடியத்தை முதிர்ந்த இலைகளில் ஒதுக்கித் தளிரைக் காக்கிறது. சொட்டுநீர் ஈரவட்டத்தின் ஓரத்தில் உப்பின் வெண்படிவு இருந்தது. சாரல் பெய்து அவ்வுப்பு வேருக்கு இறங்கிய பின்னர் கருகல் மேலும் மிகுந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பரிசோதனையில் மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் தக்காளி தாங்கும் 2.5 டெசிசைமன்ஸ்/மீட்டரைத் தாண்டியிருந்தது. உப்பைச் சேர்த்த ஆழ்துளைக் கிணற்று நீரை நிறுத்தி, பண்ணைக்குட்டை மழைநீரை உப்பு வேருக்குக் கீழே வடியும்வரை நெடுநேரம் பாய்ச்சினேன். ஓரத்து உப்பு வேருக்கு இறங்காதிருக்க, சாரலின்போதும் சொட்டுநீரை நிறுத்தவில்லை. கருகியவை மீளவில்லை, ஆனால் புதிய இலைகள் விளிம்புவரை பசுமையாக விரிந்ததும் நிம்மதியானது.