வயிற்றுத் தோல் அறுவைக்குப் பிறகு முதல் மூன்று மாதங்கள்

ஆறாம் நாள் கண்ணாடி முன் நின்று அழுதேன். இரண்டு சிசேரியனுக்குப் பின் மடிந்து தொங்கிய தோலை எடுத்து, விலகிப்போயிருந்த வயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். என் கண்ணில் பட்டதோ ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை ஓடும் சிவந்த கோடும், அதற்கு மேல் உப்பி நின்ற வயிறும்தான். ‘டம்மி டக்’ செய்துகொண்டு இதே நிலையில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் இப்போது பார்ப்பது வீக்கம். அது பெருமளவு வடியவே மூன்று மாதம் ஆகும், முழுதும் அடங்க ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம்.

படுக்கும்போது முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி, முழங்காலுக்கு அடியிலும் இரண்டு வையுங்கள். தையல் இழுபடாது. எழும்போது பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு வாரம் கூனித்தான் நடப்பீர்கள், வலிந்து நிமிர வேண்டாம். ஆனால் நடந்தே ஆகவேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். குந்தி உட்காரும் கழிவறை மட்டுமே உள்ள வீடு என்றால், கமோடு நாற்காலி ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். வலி மாத்திரை மலத்தை இறுக்கும், முக்கக் கூடாது. அதற்கான மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோலுக்கு அடியில் சேரும் நீரை வெளியேற்ற எனக்கு இரண்டு குழாய்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் எலுமிச்சை அளவில் ஒரு ரப்பர் குமிழ். காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் அவற்றைக் காலி செய்து, அளவை மகளின் பழைய நோட்டில் குறித்துவந்தேன். காலி செய்த குமிழை நன்றாக நசுக்கிப் பிடித்துக்கொண்டே மூடியைப் போடுங்கள், அப்போதுதான் அது நீரை உறிஞ்சும். குமிழைத் தொங்கவிடாமல் நைட்டியில் ஊக்கால் மாட்டுங்கள். இரத்தச் சிவப்பாக வந்த நீர் நாளாக நாளாக வைக்கோல் நிறத்துக்கு மாறியது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கியதும், ஒன்பதாம் நாள், குழாய்களை எடுத்தார்கள்.

வயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பெல்ட்டை மருத்துவர் ஆறு வாரம் கட்டச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றில் துணி சுற்றிவிடும் பழக்கத்தில் அம்மா இன்னும் இறுக்கச் சொன்னாள். அது தவறு. அதிகம் இறுக்கினாலோ, பெல்ட் மடிந்து அழுத்தினாலோ தோலுக்கு இரத்த ஓட்டம் குறையும். உள்ளே விரல் நுழைய வேண்டும். வியர்வையை உறிஞ்ச, பெல்ட்டுக்கு அடியில் மெல்லிய பருத்தி பனியன் போட்டுக்கொள்ளலாம்.

நான்காம் வாரம் உடம்பு தேறிவிட்டது என்று நம்பி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிவிட்டேன். இரண்டு நாளில் தொப்புளுக்குக் கீழே நீர்ப்பைபோல ஏதோ தளும்பியது. வலி துளியும் இல்லை. நீர் கோத்திருந்தது. மருத்துவர் ஊசியால் 80 மில்லி எடுத்தார், மறுவாரம் இன்னும் கொஞ்சம். வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்த இடம் பல மாதம் மரத்துத்தான் இருக்கும். அதே காரணத்தால் வெந்நீர்ப் பையையும் அங்கே வைக்காதீர்கள். சுட்டாலும் தெரியாது.

தழும்பு முதல் சில மாதங்களில் தடித்து, நம் தோலில் இன்னும் கறுத்துத் தெரியும். ஒரு வருடம் கடந்துதான் வெளிறும். புண் முழுதாக மூடிய பின் சிலிக்கான் ஜெல் தடவலாம். உங்களுக்கோ உறவில் யாருக்கோ தழும்பு புடைத்து வளரும் இயல்பு இருந்தால், அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோட்டின் இரு முனையிலும் சதை சிறிதாகக் கூம்பி நின்றால் அவசரப்பட வேண்டாம். பல மாதம் கழித்தும் அடங்காவிட்டால் சிறிய திருத்தம் போதும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், சீழ், தையலோரம் தோல் கறுப்பது, குழாயில் திடீரெனப் புது இரத்தம் வருவது ஆகியவற்றை அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தினமும் கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை மட்டும் அதே சன்னலோரத்தில் ஒரு படம் எடுத்தேன். டேப்பால் அளந்தும் வைத்தேன். ஐந்தாம் வாரம் காலையில் 33 அங்குலம் இருந்த வயிறு மாலையில் 35 ஆகிவிடும். பன்னிரண்டாம் ஞாயிறு மாலை அளந்தபோது, காலை அளவுக்கு அரை அங்குலம்தான் கூடியிருந்தது.