சுற்றும் சக்கரமும் நீளாத விரலும்

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் பையன் திண்ணையில் குப்புறப் படுத்திருப்பான். பொம்மை லாரியைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்ப்பான். நின்றதும் மறுபடி சுற்றுவான். இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "இஞ்சினீயரு ஆகப்போறானுங்க" என்பார் அவன் அப்பத்தா. நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பேச்சுத் தாமதமோ, பிறரோடு பழகுவதைப் பாதிக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சிக் கோளாறோ இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. எட்டு மாதம் அப்படியே போனது.

சக்கரம் பெரிய விஷயம் இல்லை என்று இப்போது புரிகிறது. சக்கரம் சுற்றுவது, செருப்பை வரிசையாக அடுக்குவது, நுனிக்காலில் நடப்பது, சந்தோஷம் வந்தால் கையை உதறுவது எல்லாம் எந்தப் பிள்ளையிடமும் கொஞ்ச நாள் வந்து போகக்கூடியவை. நாங்கள் செய்த முதல் தவறு, இந்த வினோதத்தையே பார்த்துக்கொண்டு, கூடவே எது இல்லை என்பதைப் பார்க்காமல் விட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒரு வயதை ஒட்டி டாட்டா காட்டவும், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவும் தொடங்க வேண்டும். 16 மாதத்துக்குள் தனிச்சொற்கள் வர வேண்டும். 2 வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல்லை, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானே சேர்க்க வேண்டும். இதையெல்லாம்விட நுட்பமான ஒன்று உண்டு. மயில் வந்தால் அதைக் காட்டிவிட்டு, "பாத்தியா?" என்பதுபோல அம்மா முகத்தைப் பார்ப்பது. எங்கள் பையன் மயிலைப் பார்ப்பான், எங்களைப் பார்க்க மாட்டான்.

எல்லைப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், போனில் இங்கிலீஷ், பிள்ளை குழம்பிப்போச்சு, அவ்வளவுதான். இது பொய்ச் சமாதானம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை நாம் எண்ணுகிற விதம்தான் தப்பு. பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை தாகம் எடுத்தால் "வெள்ளம்" என்பாள், பூனையைப் "பூச்ச" என்பாள். பொள்ளாச்சியிலிருந்து வந்த அவள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) வெள்ளம் என்றதும் வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்த்தது தனிக் கதை. அவள் சொல்லும் மலையாளச் சொல், தமிழ்ச் சொல் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தும் குறைந்தால் காட்டத்தான் வேண்டும். "வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்பத்தாவுக்குத் தெரிந்த ஒரே மொழியை நிறுத்தினால் நாள் முழுக்க அவனோடு பேச யார் இருக்கிறார்கள்?

அடுத்தது வம்சக் கணக்கு. "அவங்கப்பனே நாலு வயசுலதானுங்க வாயத் தொறந்தான்." தாமதமாகப் பேசி நன்றாக வந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை அந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஒரு டாக்டரே எங்களிடம், "ஆம்பளைப் பையன், மூணு வயசு வரைக்கும் பொறுங்க" என்றார். ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் 'எம்-சாட்' என்ற 20 கேள்விகள் கொண்ட தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. மூன்று வயதுவரை பொறுத்தால் அந்தத் தாளின் காலமே முடிந்துவிடும். அதை இணையத்தில் நீங்களே நிரப்பிவிட்டு "ஆட்டிசம்தான்" என்றோ "ஒன்றுமில்லை" என்றோ முடிவுகட்டுவதும் தப்பு. யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பிரிக்கும் சல்லடை அது, நோயைச் சொல்லும் தாள் இல்லை.

பெண் பிள்ளை விஷயத்தில் பொறுத்திருக்கக்கூடச் சொல்ல மாட்டார்கள், பாராட்டிவிடுவார்கள். மூலையில் தனியாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் விளையாடினால் "சமத்து" என்று பேர்.

வசம்பு வைத்தியம் இரண்டு பக்கமும் உண்டு, கேரளத்தில் அதற்கு வயம்பு என்று பேர். தேனில் இழைத்து நாக்கில் தேய்த்தால் பேச்சு வரும் என்பார்கள். அதனால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட. நாக்கு ஒட்டியிருக்கிறது என்று அறுக்கச் சொல்பவர்களும் உண்டு. நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் தெளிவாக வராமல் போகலாம். கூப்பிட்டால் திரும்பாததற்கும் கை காட்டாததற்கும் நாக்கு என்ன செய்யும்? உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதையோ கயிறு கட்டுவதையோ நான் தடுக்க மாட்டேன். அது ஒருநாள் வேலை. அதற்காக அடுத்த அமாவாசை வரை மருத்துவரைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

போனைப் பற்றி இரண்டு தவறு. ஒன்று, எங்கள் பையன் ஏ முதல் இசட் வரை பிசிறில்லாமல் சொல்வான், நாங்கள் பெருமைப்பட்டோம். ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. மனப்பாடம் வேறு, இன்னொருவரிடம் பேசுவது வேறு. மற்றொன்று, "எல்லாம் போனால் வந்தது, நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று ஆறு மாதம் காத்திருப்பது. நிறுத்துங்கள், நல்லதுதான். 2 வயதுக்குள் திரையே வேண்டாம். ஆனால் நிறுத்திய அதே வாரம் மருத்துவரையும் பாருங்கள்.

விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்ற முடிவும் வேண்டாம். சில ஒலிகள் மட்டும் கேட்கும் காதும் உண்டு. பேச்சு தாமதம் என்றால் காதுப் பரிசோதனை கட்டாயம்.

எல்லாமே ஆட்டிசம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவர்க் காரையையும் மண்ணையும் தின்னும் பிள்ளைக்கு முதலில் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்ப்பார்கள். விளையாட்டின் நடுவே சில நொடி கண் நிலைத்து உறைந்துபோய், பிறகு ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்ந்தால் அது வலிப்பாக இருக்கலாம். பொறுக்கவே கூடாதவை இரண்டு. வந்த பேச்சோ சிரிப்போ மறைந்துபோனால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். 3 முதல் 8 மாதக் கைக்குழந்தை, குறிப்பாகத் தூங்கி எழுந்ததும், சட்டென்று தலை கவிழ்ந்து கை விரிந்து உடம்பு மடங்கி, சில நொடி விட்டு மறுபடியும் மறுபடியும் அப்படியே செய்தால், பயம் என்றும் வயிற்றுவலி என்றும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். போனில் படம் பிடித்துக்கொண்டு அன்றைக்கே ஓடுங்கள்.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்க மாவட்ட மையங்கள் உண்டு. அந்த மையத்துக்கு டி.இ.ஐ.சி. என்று பேர், அப்படிக் கேட்டால் அங்கன்வாடி டீச்சருக்கோ ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷாவுக்கோ தெரியும். விரிவான மதிப்பீட்டுக்கு எங்கள் பக்கத்தவர்கள் ரயிலேறி, இரிஞ்ஞாலக்குடா ஸ்டேஷன் இருக்கும் கல்லேற்றுங்கரையில் நிப்மர் என்ற மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்துக்குப் போவதுண்டு. பாதிப் பேர் கோவைக்குப் போவார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரே ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பாலக்காட்டில் ஒன்று, கோவையில் ஒன்று என்று வைத்து, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கினோம். பிள்ளைக்குத் தெரிந்தது தமிழ் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலையாளத்தில் "வா" என்பது புரியும், "இரிக்கு" என்றால் விழிப்பான். அது கோளாறு இல்லை. இன்ன கோளாறு என்று டாக்டர் பேர் வைக்கும்வரை பயிற்சிக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பேச்சுப் பயிற்சியை அதற்கு முன்பே தொடங்கலாம்.

அங்கே போனால் பிள்ளை ஒன்று தூங்குவான், இல்லை கத்துவான். அதனால் வீட்டில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்களைக் கொண்டுபோங்கள். நாள் முழுக்கப் பிள்ளையை வைத்திருப்பவர் யாரோ அவரையும் கூட்டிப்போங்கள். எங்களோடு அப்பத்தா வந்தது தற்செயல். "வேணும்கிறத கை காட்டிக் கேப்பானா?" என்று டாக்டர் கேட்டார். தங்கையும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் "கேப்பான்" என்றார்கள். பின்னால் நின்றிருந்த அப்பத்தா, "இல்லீங்க டாக்டரு, அவன் கை நீளாதுங்க. எங் கையப் புடிச்சுத் தூக்கிப் பிஸ்கட் டப்பா மேல வெப்பானுங்க" என்றார். டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.