பார்த்த இணைப்புகளுக்கு நாமே நிறம் தருவது எப்படி?

நீண்ட தேடல் பக்கத்தில் எதைத் திறந்தோம், எதை விட்டோம் என்று அறிய, பார்த்த இணைப்பின் நிறமே துணை; பல தளங்களோ அதையும் நீலமாகவே வைத்துவிடுகின்றன. ஃபயர்பாக்ஸ் அமைப்புகளிலேயே நிறங்களை மாற்ற வழி உண்டு என்றாலும், தளத்தின் நிறங்களை மீறச் சொன்னால் பின்னணியும் எழுத்தும் சேர்ந்தே மாறிவிடுவதால், தளங்களின் தோற்றத்தை நாமே மாற்ற உதவும் ஸ்டைலஸ் என்ற உலாவி நீட்சியை நிறுவிக்கொள்வதே மேல் என்பேன். அதில் புதிய பாணி ஒன்றைத் திறந்து, முதலில் ‘ஏ:விசிட்டட்’ என்றும், நெளிவு அடைப்புக்குள் ‘கலர்’ என்பதற்கு நேரே விரும்பிய நிறத்தையும் ஆங்கில எழுத்துகளில் எழுதி, அடைப்பை மூடும் முன் நிறத்தை அடுத்து, முன்னால் ஆச்சரியக்குறி இட்ட ‘இம்பார்ட்டன்ட்’ சேர்த்துச் சேமியுங்கள். அந்தக் கடைசிச் சொல் விடுபட்டால் பெரும்பாலும் தளத்தின் நிறமே வெல்லும். அடிக்கோட்டின் நிறத்தையும் இவ்வாறே மாற்றலாம். எழுத்தின் தடிமனோ அளவோ மாறாது, ஏனெனில் நாம் சென்ற தளங்களைப் பிறர் உளவறியாதபடி உலாவிகள் இங்கே நிற மாற்றங்களை மட்டுமே அனுமதிக்கின்றன. உலாவல் வரலாற்றை அழித்தால் இணைப்புகள் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும்.