திருகோணமலையிலிருந்து டயட்டெடிக்ஸ் முதுமாணிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

வந்தாறுமூலையில் விவசாயப் பட்டம் முடித்த என் சித்தியின் மகள், உவர்மலை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு கேட்டாள்: "அக்கா, எனக்கு லண்டன் பக்கம் டயட்டெடிக்ஸ் மாஸ்டர்ஸ் கிடைக்குமா?" இருவரும் சேர்ந்து பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தப் படிப்பு என்று முடிவெடுங்கள். டயட்டெடிக்ஸ் வைத்தியசாலை வேலை. சிறுநீரக நோயாளி, நீரிழிவுக்காரர், குழாய் வழியே உணவு எடுப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் உணவைத் திட்டமிட வேண்டும். பிரித்தானியாவில் எச்.சி.பி.சி. (சுகாதாரத் தொழில்களில் இருப்பவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு) பதிவு இல்லாதவர் தன்னை டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். ஆகவே அந்த அமைப்பு அங்கீகரித்த படிப்பா என்று பாருங்கள். வெறும் 'போசணை' முதுமாணி அந்தப் பதிவைத் தராது. காசைக் கட்டிய பிறகு இதை அறிவதுதான் பெரிய வேதனை. விளையாட்டு வீரர்களின் உணவைப் பற்றிய விளையாட்டுப் போசணை முதுமாணிக்கு இத்தனை கெடுபிடி இல்லை. விளையாட்டு விஞ்ஞானமோ உயிரியலோ போசணையோ படித்தவர்களைப் பொதுவாக எடுக்கிறார்கள்.

அடுத்தது ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது பட்டத்தில் படித்த பாடங்களும் பெறுபேறுகளும் உள்ள பட்டியல். இதற்கு ஒரு பின்னேரம் முழுவதையும் ஒதுக்குங்கள். டயட்டெடிக்ஸுக்கு உயிர் இரசாயனமும் மனித உடற்றொழிலியலும் கட்டாயம் கேட்பார்கள். நாங்கள் பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தோம். உயிர் இரசாயனம் இருந்தது. உடற்றொழிலியலும் இருந்தது, ஆனால் அது கால்நடைகளுடையது! பாடத்தின் பெயரை மட்டும் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்போம். உங்கள் பீடத்திலிருந்து பாடத்திட்டத்தை வாங்கி, விரிவுரை எத்தனை மணி, ஆய்வுகூடம் எத்தனை மணி என்று குறித்து, விண்ணப்பத்துக்கு முன்பே அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 6ஆம் மட்டம், மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம். இதையும் எழுதிவிடுங்கள். பல இடங்களில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு எதிர்பார்க்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சை. எச்.சி.பி.சி. பதிவுக்கு மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக்கூடாது. பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

அப்புறம் தன்விளக்கக் கடிதம். "சிறுவயதிலிருந்தே ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். தங்கச்சி எழுதியது இதுதான்: மக்கெய்சர் மைதானத்தில் பின்னேரம் ஓடவரும் பெடியள் பலர், ஒரு பணிசும் பிளேன் டீயும் குடித்துவிட்டு வருகிறார்கள். பயிற்சிக்கு 1 முதல் 4 மணி நேரத்துக்கு முன், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் காபோவைதரேற்று எடுக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல். 50 கிலோ பெடியனுக்குக் குறைந்தது 50 கிராம். அதைச் சோறும் பருப்புமாக எப்படிக் கொடுக்கலாம் என்று கணக்கோடு எழுதினாள். படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

விரிவுரையாளர்களின் இரண்டு பரிந்துரைக் கடிதங்களை முன்கூட்டியே கேளுங்கள். வைத்தியசாலைப் பயிற்சி இருப்பதால் பொலிஸ் அறிக்கையும் தடுப்பூசி விவரமும் தேவைப்படும்.

இரண்டு கிழமையில் எங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: மனித உடற்றொழிலியலில் ஒரு குறுகிய பாடநெறி முடித்துவிட்டு விண்ணப்பிக்கலாம். இப்போது இரவில் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்.